கிரீட் தீவின் மேற்கு முனை: முதல் முறை போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

2024 செப்டம்பரில் ஒரு மாலை. கிரேக்க நாட்டின் கிரீட் தீவில், ஆயியா ருமேலி என்ற சின்னக் கடற்கரை ஊரின் படகுத்துறையில் நான், என் கணவர், 62 வயதான அம்மா மூவரும் நின்றுகொண்டிருந்தோம். சமாரியா பள்ளத்தாக்கு வழியாக 16 கிலோமீட்டர் நடந்து வந்திருந்தோம். கடைசிப் படகு அரை மணி நேரம் முன்பே போய்விட்டது. அந்த ஊருக்குச் சாலை கிடையாது. படகை விட்டால் நடந்து போகும் பாதைதான். நல்லவேளையாக இரவு தங்க ஓர் அறை கிடைத்தது. ஆனால் பணம் கட்டி வைத்திருந்த ஹன்யா நகரத்து அறை பூட்டியே கிடந்தது, மறுநாள் காலைக்கு வாங்கிய பாலோஸ் கடற்கரைப் படகு டிக்கெட்டும் வீணானது. அம்மாவின் முழங்கால் வீங்கி, அடுத்த இரண்டு நாள் அவர் அறையை விட்டு வெளியே வரவில்லை.

எப்படிப் போவது என்று மாதக்கணக்கில் படித்திருந்தோம். எப்படித் திரும்புவது என்று ஒரு மணி நேரம்கூட உட்கார்ந்து யோசிக்கவில்லை. கிரீட்டின் மேற்கில் பார்க்க வேண்டிய இடங்கள் எல்லாமே பாதை முடிகிற இடத்தில் இருப்பவை. அங்கிருந்து திரும்ப ஒரு படகு, ஒரு பஸ், அவ்வளவுதான். அதனால் ஒவ்வொரு நாளையும் சாயங்காலத்திலிருந்து பின்னோக்கித் திட்டமிடுங்கள். கீழே உள்ள எல்லாப் படிகளிலும் இதையே சொல்லப்போகிறேன்.

1. தீவின் எந்த முனை என்று முதலில் முடிவு செய்யுங்கள்

தீவு என்றதும் ஒரு நாளில் சுற்றிவிடலாம் என்று தோன்றும். கிரீட் கிழக்கு மேற்காக சுமார் 260 கிலோமீட்டர் நீளம், நடுவில் பெரிய மலைகள். தீவின் நடுப்பகுதியில் உள்ள ஹெராக்லியோனில் தங்கிக்கொண்டு தினமும் மேற்குக் கடற்கரைக்குப் போய் வரலாம் என்று நினைத்தால் பாதிப் பகல் சாலையிலேயே போய்விடும். ஹெராக்லியோனிலிருந்து ஹன்யாவுக்கு மட்டுமே சுமார் 140 கிலோமீட்டர், பஸ்ஸில் மூன்று மணி நேரத்தை நெருங்கும்.

மலை, பள்ளத்தாக்கு, கடல்தான் வேண்டும் என்றால் ஹன்யாவில் தங்குங்கள். சமாரியா பள்ளத்தாக்கு, எலஃபோனிஸி, பாலோஸ் கடற்கரைகள் மூன்றுக்கும் அங்கிருந்து போய் வரலாம். க்னொசோஸ் அரண்மனையும் ஹெராக்லியோன் அருங்காட்சியகமும் வேண்டுமென்றால் அவற்றுக்குத் தனியாக இரண்டு நாள் ஒதுக்கி அங்கேயே தங்குவது நல்லது.

ஒரு சின்ன எச்சரிக்கை. ஹன்யா என்ற பெயரை ஆங்கிலத்தில் இரண்டு மூன்று விதமாக எழுதுகிறார்கள். ‘சானியா’ என்று படிக்கிற மாதிரி எழுதியிருந்தாலும் அது ஹன்யாதான். விமானம் தேடும்போது சி.எச்.க்யூ. என்ற குறியீடு வருகிறதா என்று பாருங்கள். விலை குறைவாக இருக்கிறதே என்று எச்.இ.ஆர். என்பதைத் தேர்ந்தெடுத்தால் ஹெராக்லியோனில் இறங்குவீர்கள்.

2. மாதத்தைத் தேர்ந்தெடுப்பது

சமாரியா பள்ளத்தாக்கு பொதுவாக மே முதல் அக்டோபர் வரைதான் திறந்திருக்கும். வசந்தத்தில் ஓடையில் நீர் அதிகமாக இருந்தால் திறப்பது தள்ளிப்போகும். ஜூலை, ஆகஸ்டில் கூட்டமும் வெயிலும் அதிகம், ‘மெல்டெமி’ என்ற வடக்குக் காற்றும் அடிக்கும். மே கடைசி, ஜூன் முதல் பாதி, செப்டம்பர் இவைதான் என் பரிந்துரை. செப்டம்பரில் கடல் நீர் இதமாக இருக்கும், ஆனால் பகல் சுருங்கத் தொடங்கியிருக்கும். ஐரோப்பாவின் கோடைப் பகல் நீளமானது என்று நம்பி மெதுவாகக் கிளம்பாதீர்கள்.

3. விசாவும் காகிதங்களும்

இந்திய, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா (கிரேக்கம் உட்பட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) தேவை. ஷெங்கன் நாடு ஒன்றின் வதிவிட அட்டை இருந்தால் குறுகிய பயணத்துக்குத் தனி விசா வேண்டாம். பிரிட்டனில் வசித்தாலும் கையில் இருப்பது இந்திய அல்லது இலங்கை பாஸ்போர்ட் என்றால் விசா எடுத்தே ஆக வேண்டும்.

2024 ஜூன் முதல் விசாக் கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 12 வயதுக்குள் உள்ள குழந்தைகளுக்கு 45 யூரோ. விசா மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். கடைசி எல்லை 15 நாள். முடிவு வழக்கமாக 15 நாளில் வரும், சில விண்ணப்பங்களுக்கு 45 நாள்வரை இழுக்கும். நேரம் ஒதுக்கிக் கிடைப்பதே கோடையில் கஷ்டம், அதனால் மூன்று மாதம் முன்பே தொடங்கிவிடுங்கள்.

பாஸ்போர்ட் கடந்த 10 ஆண்டுக்குள் வழங்கப்பட்டிருக்க வேண்டும், திரும்பும் நாளுக்குப் பிறகு குறைந்தது 3 மாதம் செல்லுபடியாக வேண்டும், இரண்டு வெற்றுப் பக்கம் இருக்க வேண்டும். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு, தங்கும் எல்லா நாட்களுக்கும் சேர்த்து. வங்கிக் கணக்கு அறிக்கை, வருமான வரிக் கணக்கு, அலுவலக விடுமுறைக் கடிதம், தங்குமிடப் பதிவு, விமானப் பதிவு, நாள்வாரியான பயணத் திட்டம் இவற்றையும் சேர்த்து வையுங்கள். தங்குமிடத்தைக் கட்டணமின்றி ரத்து செய்யக்கூடிய பதிவாக எடுங்கள். பல நாடுகளுக்குப் போவதாக இருந்தால் எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

நம் ஆட்கள் அதிகம் மாட்டுகிற இடம் பெயர். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருக்கும், அல்லது அப்பா பெயர் அங்கே இருக்கும். வங்கியில் இனிஷியல் மட்டும் இருக்கும். அம்மாவின் காப்பீட்டுத் தாளில் பெயர் வேறு மாதிரி வந்துவிட்டது, அதைத் திருத்தி வாங்க ஒரு வாரம் போனது. விமான டிக்கெட், காப்பீடு, பெரிய கப்பல் டிக்கெட் எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் இருக்கிறபடியே எழுதுங்கள், ஓர் எழுத்துகூட மாற்றாமல்.

2025 அக்டோபர் முதல் ஷெங்கன் எல்லையில் கைரேகையும் முகப்படமும் எடுத்துப் பதிவு செய்யும் புதிய முறை வந்திருக்கிறது. முதல் முறை நுழைகிறவர்களுக்கு வரிசை நீளும். ஏதென்ஸில் அடுத்த விமானத்துக்கு இரண்டு மணி நேரம்தான் இடைவெளி என்றால் போதாது. குறைந்தது நான்கு மணி நேரம் விடுங்கள்.

4. ஹன்யா போய்ச் சேருவது

ஏதென்ஸிலிருந்து விமானத்தில் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. கப்பல் என்றால் பிரேயஸ் துறைமுகத்திலிருந்து இரவு கிளம்பி விடியற்காலையில் சூடா துறைமுகம் வந்து சேரும். சூடா ஹன்யாவிலிருந்து ஏழெட்டு கிலோமீட்டர், நகரப் பேருந்து உண்டு. அம்மாவோடு போனதால் நாங்கள் படுக்கை அறை எடுத்தோம், நன்றாகத் தூங்கினோம், ஓர் இரவு விடுதிச் செலவும் மிச்சமானது. வெறும் இருக்கை டிக்கெட் மலிவுதான், ஆனால் மறுநாள் முழுக்க அலுப்பாக இருக்கும்.

தங்குமிடம் எடுக்கும்போது பழைய துறைமுகத்துக்குள் இருக்கிற அழகான அறைகளைவிட க்தெல் பஸ் நிலையத்துக்குப் பத்து நிமிட நடையில் இருக்கும் அறையைத் தேடுங்கள். பள்ளத்தாக்குக்கும் கடற்கரைக்கும் போகும் வெளியூர் பஸ்கள் அங்கிருந்துதான் கிளம்புகின்றன, அதுவும் அதிகாலையில்.

தங்குமிட வாடகை தவிர ஒரு வரி உண்டு. இணையத்தில் காட்டும் தொகையில் பெரும்பாலும் இது சேர்ந்திருக்காது, அங்கே போய்த்தான் கட்டுவீர்கள். 2025 முதல் கோடை மாதங்களில் ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 2 நட்சத்திர விடுதியில் 2 யூரோ, 3 நட்சத்திரத்தில் 5, 4 நட்சத்திரத்தில் 10, 5 நட்சத்திரத்தில் 15. ஒரு வாரம் தங்கினால் நல்ல தொகை ஆகிவிடும், இதையும் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

5. காரா, பஸ்ஸா

இந்திய உரிமத்தோடு கார் எடுக்க பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி வேண்டும். ஊரிலேயே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் படிவம் 4ஏ கொடுத்து, 1,000 ரூபாய் கட்டி வாங்கலாம், ஓராண்டு செல்லும். கிளம்பும் முன்பே இதை வாங்கிவிடுங்கள். அப்புறம், கார் எடுக்கிறவரின் பெயரிலேயே கிரெடிட் கார்டு இருக்க வேண்டும். டெபிட் கார்டை நீட்டினால் பல இடங்களில் மறுத்துவிடுவார்கள்.

காப்பீட்டுத் தாளில் டயர், கண்ணாடி, காரின் அடிப்பாகம் மூன்றுக்கும் என்ன எழுதியிருக்கிறது என்று கையெழுத்துப் போடும் முன் படியுங்கள். எங்களுக்கு ‘எல்லாம் அடக்கம்’ என்று வாயால் சொன்னார்கள். தாளில் மண் சாலைக்குப் பொருந்தாது என்று இருந்தது. அதைப் படித்ததால்தான் பாலோஸுக்குக் காரில் போகாமல் படகு டிக்கெட் வாங்கினோம்.

என் கருத்து: சமாரியாவுக்குக் கார் வேண்டவே வேண்டாம், எலஃபோனிஸிக்கு வசதி, பாலோஸுக்கு வேண்டாம். ஒரு வாரத்தில் இரண்டு நாள் மட்டும் கார் எடுத்தால் போதும்.

6. சமாரியா பள்ளத்தாக்கு

வெள்ளை மலைகளுக்கு நடுவே, ஒமாலோஸ் மேட்டுநிலத்தின் ஓரத்தில் க்சிலோஸ்கலோ என்ற இடத்தில் பாதை தொடங்குகிறது. அது கடல் மட்டத்திலிருந்து 1,200 மீட்டருக்கு மேல். அங்கிருந்து தெற்கே லிபியக் கடல்வரை இறக்கம். தேசியப் பூங்காவுக்குள் 13 கிலோமீட்டர், வெளியே வந்தபின் ஆயியா ருமேலி ஊர்வரை 3 கிலோமீட்டர்.

தொடங்கும் இடமும் முடியும் இடமும் வேறு. காரை ஒமாலோஸில் நிறுத்திவிட்டு நடந்தால், சாயங்காலம் நீங்கள் மலைக்கு மறுபக்கம், கடலோரத்தில் இருப்பீர்கள். கார் மேலே இருக்கும். அதனால்தான் பஸ். காலை ஹன்யாவிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடியுங்கள், ஒரு மணி நேரத்தில் ஒமாலோஸ். முந்தின நாளே டிக்கெட் வாங்கிவிடுங்கள், ஹன்யா திரும்பும் பஸ்ஸுக்கும் சேர்த்து.

இப்போது நேரக் கணக்கு. ஆயியா ருமேலியிலிருந்து மாலைப் படகு நாங்கள் போன பருவத்தில் 5.30 மணிக்கு. அதைப் பிடித்தால்தான் சூயா அல்லது ஹோரா ஸ்ஃபாக்கியாவில் இறங்கி ஹன்யா பஸ்ஸில் ஏறலாம். 5.30-லிருந்து பின்னோக்கிப் போங்கள். 4.30-க்குள் ஊருக்குள் இருக்க வேண்டும். எங்கே படித்தாலும் நடைக்கு 5 முதல் 7 மணி நேரம் என்றுதான் போட்டிருக்கும். அது நடந்து பழகியவர்களின் கணக்கு. அம்மாவுக்கு 8 மணி நேரம் ஆனது. நாங்கள் இரண்டாவது பஸ்ஸில் போய் 10 மணிக்கு இறங்கத் தொடங்கினோம், 6 மணிக்கு ஊர் வந்தோம். வாயில் காலை 7 மணிக்குத் திறக்கிறது. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் முந்தின இரவே ஒமாலோஸில் தங்கி, திறந்ததும் முதல் ஆளாக உள்ளே போங்கள். அங்கே எளிய விடுதிகள் இருக்கின்றன. நாங்கள் இதைச் செய்திருந்தால் படகு போயிருக்காது.

நுழைவுச் சீட்டு நாங்கள் போனபோது 5 யூரோ. கட்டணம் மாறக்கூடும், ஆளுக்கு 10 யூரோ ஒதுக்கி வையுங்கள். சீட்டைத் தூக்கி எறியாதீர்கள். கீழே வெளியேறும் இடத்தில் அதைக் கேட்டு வாங்கிச் சரிபார்ப்பார்கள். உள்ளே யாரும் மாட்டிக்கொள்ளவில்லை என்று உறுதி செய்ய அதுதான் வழி. பள்ளத்தாக்குக்குள் இரவு தங்கத் தடை. ஓடையில் குளிப்பதும், தீ மூட்டுவதும், செடி பறிப்பதும் கூடாது.

கஷ்டம் முதல் மூன்று கிலோமீட்டரில். கல்லும் மரக் கைப்பிடியுமாக வளைந்து வளைந்து செங்குத்தாக இறங்கும். உற்சாகத்தில் எல்லோரும் இங்கே வேகமாகப் போவார்கள், முழங்கால் போவதும் இங்கேதான். இறக்கம் தானே என்று நினைக்க வேண்டாம். ஏற்றத்தில் மூச்சு வாங்கும், நின்று ஆறினால் சரியாகிவிடும். இறக்கத்தில் பிடித்த முழங்கால் அன்று சரியாகாது. ஆளுக்கு ஓர் ஊன்றுகோலாவது இருக்கட்டும். கணுக்காலைப் பிடிக்கும் பழகிய ஷூ போடுங்கள், புது ஷூ கொப்புளம் போடும். கால் நகத்தை முந்தின நாள் வெட்டுங்கள், இல்லாவிட்டால் இறக்கம் முழுக்க ஷூ முனையில் நகம் இடிக்கும்.

தண்ணீருக்குக் கவலை வேண்டாம். வழியில் ஓய்விடங்களில் ஊற்று நீர்க் குழாய்கள் இருக்கின்றன, குளிர்ந்த நல்ல தண்ணீர். ஒரு லிட்டர் பாட்டில் ஒன்று போதும், நிரப்பிக்கொண்டே போகலாம். சாப்பாடு மட்டும் உள்ளே கிடைக்காது. ரொட்டி, பேரீச்சை, உப்புப் போட்ட கடலை எடுத்துப் போங்கள். ஓய்விடத்தில் உட்கார்ந்து சாப்பிடும்போது ‘க்ரி-க்ரி’ என்ற காட்டு ஆடுகள் பயமில்லாமல் பக்கத்தில் வரும். ஒன்றும் கொடுக்காதீர்கள், பார்த்து ரசியுங்கள்.

ஏறக்குறைய ஏழாவது கிலோமீட்டரில் சமாரியா என்ற பழைய ஊர் வரும். 1962-இல் பூங்கா ஆனபோது மக்கள் வெளியேறிய ஊர் அது. அங்கே மணியைப் பாருங்கள். மதியம் 1 மணிக்குள் அந்த இடத்தைக் கடக்கவில்லை என்றால் படகு சந்தேகம், ஓய்வைக் குறைத்துக்கொள்ளுங்கள். வழியில் கல் விழும் பகுதி என்று பலகை இருக்கிற இடங்களில் படம் எடுக்க நிற்க வேண்டாம், விரைந்து கடந்துவிடுங்கள்.

பதினோராவது கிலோமீட்டரை ஒட்டி ‘இரும்பு வாயில்’ என்று அழைக்கப்படும் இடம். இரண்டு பக்கமும் சுமார் 300 மீட்டர் உயரப் பாறைச் சுவர், நடுவில் மூன்று நான்கு மீட்டர்தான் இடைவெளி, காலடியில் ஓடை, மேலே ஒரு கோடு போல வானம். காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசாமல் வலியோடு நடந்த அம்மா அங்கே நின்று பாறையில் கை வைத்துக்கொண்டு, “இதுக்காகத்தான் வந்தோமா, சரி” என்றார். அந்த இடத்துக்கு நேரம் கொடுங்கள். அதற்காகவாவது காலையில் சீக்கிரம் கிளம்புங்கள்.

பூங்கா வாயில் தாண்டியதும் சின்ன வண்டி ஒன்று ஊருக்கு அழைத்துப் போகும், சில யூரோதான். ஊருக்குள் நுழைந்ததும் முதல் வேலை படகு டிக்கெட். சாப்பாடும் கடல் குளியலும் அதற்கு அப்புறம். பஸ், நுழைவு, வண்டி, படகு, திரும்பும் பஸ் எல்லாம் சேர்த்து ஆளுக்கு 35 யூரோ அளவில் ஆனது. ரொக்கமாக எடுத்துச் செல்லுங்கள். அவசர மருந்தும், ஒரு மாற்றுடையும், பாஸ்போர்ட் நகலும் பையில் இருக்கட்டும். ஒரு வேளை அங்கேயே இரவு தங்க நேர்ந்தால் உதவும்.

முழங்கால் வலி உள்ளவர்கள், சிறு குழந்தைகள் இருந்தால் மேலிருந்து இறங்க வேண்டாம். படகில் ஆயியா ருமேலி வந்து, கீழ் வாயில் வழியாக இரும்பு வாயில்வரை போய்த் திரும்பலாம். பாதை பெரும்பாலும் சமமாக இருக்கும். பள்ளத்தாக்கின் சிறந்த பகுதி கிடைத்துவிடும். அம்மாவை அப்படி அழைத்துப் போயிருக்க வேண்டும்.

7. எலஃபோனிஸி

ஹன்யாவிலிருந்து சுமார் 75 கிலோமீட்டர், மலைச் சாலை. காரில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல். கோடையில் காலையில் பஸ் போகும், மாலையில் அதே பஸ் திரும்பும். திரும்பும் நேரத்தை ஓட்டுநரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

சிப்பித் துகள்கள் கலந்து மணல் இளஞ்சிவப்பாகத் தெரியும். படங்களில் பார்க்கிற அளவு சிவப்பை எதிர்பார்க்காதீர்கள். அலை நனைக்கிற ஓரத்தில், காலை வெளிச்சத்தில் நன்றாகத் தெரியும். நீர் முழங்கால் ஆழம்தான், நடந்தே எதிரில் உள்ள குட்டித் தீவுக்குப் போகலாம். அங்கே கூட்டம் குறைவு. மணலை எடுத்து வரத் தடை, பாட்டிலில் ஒரு பிடிகூட.

8. பாலோஸ்

கலிவியானி ஊரிலிருந்து 8 கிலோமீட்டர் மண் சாலை, அப்புறம் வண்டி நிறுத்துமிடத்திலிருந்து அரை மணி நேரம் இறங்க வேண்டும். வெயிலில் திரும்ப ஏறுவது கடினம். கிஸாமோஸ் துறைமுகத்திலிருந்து படகில் போவதே மேல். டிக்கெட் 30 யூரோவை ஒட்டி இருந்தது. படகு கிராம்வூசா தீவிலும் நிற்கும். கடலிலிருந்து 137 மீட்டர் உயரத்தில் ஒரு கோட்டை, ஏறிப் பார்த்தால் பாலோஸ் காயலின் நிறம் முழுதாகத் தெரியும். துறைமுகம் கிஸாமோஸ் ஊருக்கு வெளியே, மூன்று நான்கு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஊருக்குள் இறங்கி நிற்காதீர்கள். பாலோஸில் நிழல் அறவே இல்லை, குடை வாடகைக்குக் கிடைக்காமலும் போகலாம். தொப்பி, நீளக்கைச் சட்டை கட்டாயம்.

9. காற்றுக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள்

கடும் வெயில், மழை, பலத்த காற்று எதுவானாலும் சமாரியாவை அன்று மூடிவிடுவார்கள். காற்று பலமாக அடித்தால் படகுகளும் ஓடாது. அதனால் சமாரியாவையும் பாலோஸையும் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். நான் மறுபடி போனால் வரிசை இப்படி: முதல் நாள் ஹன்யா ஊர், இரண்டாம் நாள் எலஃபோனிஸி, மூன்றாம் நாள் சமாரியா, நான்காம் நாள் ஒன்றுமில்லை, ஐந்தாம் நாள் பாலோஸ், ஆறாம் நாள் காற்றுக்கு. அந்த ஆறாம் நாள் மிச்சமானால் இம்ப்ரோஸ் பள்ளத்தாக்கு. எட்டு கிலோமீட்டர்தான், எளிது, கொமிதாதெஸ் ஊர் அருகே சாலையில் முடியும், படகுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

10. சாப்பாடு

சைவம் சாப்பிடுகிறவர்கள் பயப்பட வேண்டாம். பார்லி ரொட்டி மேல் தக்காளியும் பாலாடைக்கட்டியும் வைத்த ‘தாகோஸ்’, வேகவைத்த கீரை ‘ஹோர்தா’, அரிசி அடைத்த தக்காளி ‘யெமிஸ்தா’ எல்லாக் கடைகளிலும் இருக்கும். யெமிஸ்தாவில் சில இடங்களில் கறியும் சேர்ப்பார்கள், கேட்டுவிடுங்கள். ‘நிஸ்திசிமோ’ என்று ஒரு சொல் கற்றுக்கொள்ளுங்கள். விரத நாள் சாப்பாடு என்று பொருள்; இறைச்சி, பால், முட்டை இருக்காது. கணவாய், இறால் போன்றவற்றுக்கு மட்டும் விரதத்தில் அனுமதி உண்டு, அவற்றை வேண்டாம் என்று தனியாகச் சொல்ல வேண்டும்.

சமாரியாவுக்குப் போகும் நாள் மட்டும் சாப்பாட்டை முந்தின மாலையே வாங்கி வைத்துவிடுங்கள். முதல் பஸ் கிளம்பும் நேரத்தில் ஹன்யாவில் பல கடைகள் திறந்திருக்காது. ஆபத்து என்றால் அழைக்க 112. பள்ளத்தாக்கின் பல இடங்களில் கைபேசிக்குச் சிக்னல் கிடைக்காது, அதனால் காலையில் கிளம்பும்போதே எந்தப் படகில் வருவீர்கள் என்று தங்குமிடத்தில் சொல்லிவிட்டுப் போங்கள்.